பெப்டைடு ஜெல்லின் விறைப்பைக் குறுக்குப் பிணைப்பால் கூட்டுவது எப்படி: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) ஜெல்லை முதன்முறையாகச் செய்து பார்க்கும் எவருக்கும் ஏறக்குறைய ஒரே அனுபவம்தான் வாய்க்கிறது. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஜெல் வழியாமல் நிற்கிறது. மகிழ்ச்சியோடு அதைக் கரண்டியால் எடுத்து வேறொரு தட்டுக்கு மாற்றப் போனால், சரியாக உறையாத தயிரைப் போல உடைந்து நீர் விட்டுவிடுகிறது. செல்களை அதற்குள் வாரக்கணக்கில் வளர்ப்பதற்கும், வளர்ப்பு ஊடகத்தை நாள்தோறும் மாற்றும்போது கலையாமல் இருப்பதற்கும் அந்த வலிமை போதாது. இந்தக் குறையை வேதிவினையால் ஈடுசெய்வது எப்படி, எந்த வரிசையில் செய்வது, செய்ததை எப்படி அளந்து உறுதிப்படுத்துவது என்பவற்றை, இந்தச் சோதனையை இதுவரை ஒரு முறையும் செய்யாதவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

ஜெல் ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது

1993-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஷுகுவாங் ஜாங்கும் அவருடன் பணியாற்றியவர்களும், ஈஸ்ட்டில் உள்ள சுவோட்டின் என்ற புரதத்தின் ஒரு பகுதியை ஒட்டிய, 16 அமினோ அமிலங்கள் நீளமுள்ள பெப்டைடு ஒன்று உப்புக் கரைசலில் தானாகவே திரண்டு சவ்வாக மாறுவதை வெளியிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் பின்னர் வந்த கேஎல்டி-12 என்ற பெப்டைடையே இந்தக் கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். லைசின், லியூசின், அஸ்பார்ட்டிக் அமிலம், லியூசின் என்ற நான்கின் வரிசை மூன்று முறை திரும்ப வந்தால் அதுதான் கேஎல்டி-12. 2002-இல் இதன் ஜெல்லுக்குள் குருத்தெலும்புச் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். ஒரு மூலக்கூறில் மூன்று லைசின்கள் இருப்பதால், வேதிவினைக்குக் கைகொடுக்கும் அமினோ தொகுதிகள் மூன்று கிடைக்கின்றன. நாம் செய்யப்போகும் வேலை முழுவதும் இந்த மூன்றை நம்பியே இருக்கிறது.

தூய நீரில் இந்த பெப்டைடு அமிலத்தன்மையோடு கரைந்திருக்கும். லைசின்களின் நேர்மின்னூட்டம் மூலக்கூறுகளை ஒன்றையொன்று விலக்கி வைத்திருக்கும். உப்பும் நடுநிலையான பிஎச்சும் வந்தவுடன் விலக்கம் தணிந்து, மூலக்கூறுகள் பீட்டா தகடுகளாக அடுக்கி, நுண்ணிழைகளாக நீண்டு, ஒன்றோடொன்று சிக்கி, நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வலையாகின்றன. இந்த வலையைத் தாங்குபவை ஹைட்ரஜன் பிணைப்புகளும், லியூசின்களின் நீர்வெறுப்பும், எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பும் மட்டுமே. தனித்தனியே பார்த்தால் இவை ஒவ்வொன்றும் பலவீனமானவை. இழுத்தால் விடுபடும், விட்டால் வேறிடத்தில் சேரும். வேதிக் குறுக்குப் பிணைப்பு என்பது, இப்படித் தொட்டுக்கொண்டிருக்கும் இழைகளுக்கு இடையே எளிதில் விடுபடாத சகப்பிணைப்பைப் போடுவதாகும்.

தோல் பதனிடும் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பச்சைத் தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் வலை. நீரில் சூடுபடுத்தினால் 60 முதல் 65 டிகிரிக்குள் அது சுருங்கிவிடும். குரோமியம் கொண்டு பதனிட்ட தோலோ 100 டிகிரியைத் தாண்டியும் தாங்குகிறது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டை கொண்டு தோல் பதனிட்டவர்களும் இழைகளை ஒன்றோடொன்று கட்டும் வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் பட்டையில் உள்ள டானின்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுபவை. கொலாஜனின் முச்சுருள் அமைப்பை 1954-இல் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான் வெளியிட்டார்கள். அதற்கான கொலாஜன் மாதிரி அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. இந்தத் துறையில் நுழையும் தமிழ் மாணவர் ஒருவர் தமக்கு மிகவும் அன்னியமான இடத்துக்குப் போகிறோம் என்று நினைக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எவ்வளவு விறைப்பு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

குறுக்குப் பிணைப்பானை வாங்குவதற்கு முன்பே இலக்கு ஓர் எண்ணாக உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். 2006-இல் டென்னிஸ் டிஷரின் குழு வெளியிட்ட ஆய்வில், குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் வரையிலான மென்மையான பரப்பில் நரம்புச் செல்களின் போக்கையும், 8 முதல் 17 வரையிலான பரப்பில் தசைச் செல்களின் போக்கையும், 25 முதல் 40 வரையிலான விறைப்பான பரப்பில் எலும்புச் செல்களின் போக்கையும் காட்டின. பலரும் இந்த எண்களை இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இவை, இழுப்புக்கும் அழுத்தத்துக்கும் பொருள் காட்டும் எதிர்ப்பான யங் குணகத்தின் மதிப்புகள். உங்கள் ரியோமீட்டர் (ஜெல்லை இரு தட்டுகளுக்கு இடையே முறுக்கி விறைப்பை அளக்கும் கருவி) தருவதோ, பக்கவாட்டுத் தள்ளலுக்கான எதிர்ப்பைச் சொல்லும் சறுக்குக் குணகம். நீர் நிறைந்த, கன அளவு மாறாத ஜெல்லில் யங் குணகம் சறுக்குக் குணகத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே தசைக்குரிய 8 முதல் 17 கிலோபாஸ்கல் என்பது ரியோமீட்டரில் சுமார் 2.7 முதல் 5.7 கிலோபாஸ்கல் என்று தெரியும். இந்த மூன்று மடங்கை மறந்ததால் முழு ஆய்வையும் தவறான இலக்கை நோக்கிச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அந்த இலக்குக்கு எத்தனை பிணைப்புகள் வேண்டும் என்று ஒரு முரட்டுக் கணக்குப் போடலாம். ரப்பரின் மீட்சிக் கொள்கைப்படி, சறுக்குக் குணகம் என்பது செயல்படும் பிணைப்புகளின் செறிவை வாயு மாறிலியாலும் தனி வெப்பநிலையாலும் பெருக்கியது. 25 டிகிரியில் 1000 பாஸ்கல் வேண்டுமானால், லிட்டருக்குச் சுமார் 0.4 மில்லிமோல் பிணைப்புகள் போதும். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் கேஎல்டி-12 உள்ள ஜெல்லில் லைசின்களின் செறிவு சுமார் 10.2 மில்லிமோலார்; இரண்டு லைசினுக்கு ஒரு பாலம் என்றால் அதிகபட்சம் 5.1 மில்லிமோலார் பாலங்கள். அவற்றில் நூற்றில் எட்டு சரியான இடத்தில் விழுந்தாலே 1 கிலோபாஸ்கல் கூடிவிடும். பெப்டைடு நுண்ணிழைகள் ரப்பர் சங்கிலிகளைப் போல நெளிபவை அல்ல என்பதால் இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் குறுக்குப் பிணைப்பானை அள்ளிக் கொட்டத் தேவையில்லை என்பதை இது தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சரியான இடம் என்று நான் சொல்வது இரண்டு வெவ்வேறு இழைகளுக்கு இடையே உள்ள இடம். ஒரே மூலக்கூறின் இரண்டு லைசின்களுக்கு இடையே விழும் பாலம் பெப்டைடைச் செலவழிக்குமே தவிர விறைப்பைக் கூட்டாது.

செறிவைக் கூட்டினால் போதுமா என்பதையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். பாதி விறைப்பான இழைகளாலான வலையில் குணகம் செறிவின் 2.2 அடுக்காக உயரும் என்பது கோட்பாடு. செறிவை இரட்டிப்பாக்கினால் குணகம் நாலரை மடங்கு ஆகும். உங்கள் இலக்கு அதற்குள் அடங்கினால் குறுக்குப் பிணைப்பின் தொல்லையே வேண்டாம். அதைத் தாண்டும்போதும், ஜெல் நீரில் கலைந்து போகாமல் நிலைத்திருக்க வேண்டும் என்னும்போதும் மட்டும் வேதிவினைக்கு வாருங்கள்.

எந்த வேதிவினை

உங்கள் பெப்டைடில் எந்த அமினோ அமிலம் இருக்கிறதோ அதுவே இதை முடிவு செய்கிறது. லைசின் இருந்தால் குளூட்டரால்டிஹைடும் ஜெனிபினும் உண்டு. லைசினும் கார்பாக்சில் தொகுதியும் சேர்ந்திருந்தால் ஈடிசி, என்எச்எஸ் என்ற இரு வேதிப்பொருள்களின் இணை உண்டு. அது இரண்டு தொகுதிகளையும் நேரடியாக அமைடு பிணைப்பால் சேர்த்துவிட்டுத் தான் விலகிக்கொள்வதால், ஜெல்லில் அதன் எச்சம் தங்காது. சிஸ்டீன் இருந்தால் பிஎச் 8-க்கு அருகில் காற்றே டைசல்பைடு பாலங்களைப் போட்டுவிடும். டைரோசின் இருந்தால், ருத்தேனியச் சேர்மமும் பெர்சல்பேட்டும் சேர்த்து நீல ஒளியில் வைத்தால் இரண்டு டைரோசின்கள் இணையும். இந்த வழியை 1999-இல் ஃபேன்சியும் கோடாடெக்கும் புரதங்களுக்காகக் காட்டினார்கள். குளூட்டமினும் லைசினும் இருந்தால் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியும் அந்த வேலையைச் செய்யும்.

புதியவர்களுக்கு நான் ஜெனிபினையே பரிந்துரைப்பேன். குளூட்டரால்டிஹைடு மலிவானது, சில நிமிடங்களில் வினைபுரிவது. ஆனால் செல்களுக்கு நஞ்சு, மூக்கையும் கண்ணையும் எரிக்கும், புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே திறக்கவே கூடாது. அதன் வேகமே அதன் குறையும் ஆகும். சிறு மூலக்கூறு ஒன்று ஜெல்லுக்குள் 1 மில்லிமீட்டர் பரவக் கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் வரை எடுத்துக்கொள்கிறது. 5 மில்லிமீட்டர் பரவ அதைப் போல இருபத்தைந்து மடங்கு நேரம் ஆகும். உள்ளே போய்ச் சேருவதற்கு முன்பே மேற்பரப்பில் வினை முடிந்துவிட்டால், வெளியே தோலும் உள்ளே கூழுமாக ஒரு பொருள் கிடைக்கும்; அதன் குணகம் எதையும் குறிக்காது. ஜெனிபின் மணிக்கணக்கில் வினைபுரிவதால், முதலில் எங்கும் பரவி, பிறகுதான் கட்டுகிறது.

ஜெனிபின் கார்டீனியாப் பழத்திலிருந்து எடுக்கப்படுவது, விலை அதிகம். முதன்மை அமினோ தொகுதியோடு சேர்ந்தால் அது ஆழ்ந்த நீல நிறம் கொள்கிறது. அதன் பெயருக்குக் காரணமான ஜெனிப்பா மரத்தின் பழச்சாற்றைத் தென் அமெரிக்கப் பழங்குடியினர் உடலில் ஓவியம் தீட்டப் பயன்படுத்தினார்கள். கையுறை இல்லாமல் வேலை செய்தால் உங்கள் விரல்களிலும் அதே ஓவியம் பல நாள் இருக்கும்.

முதலில் ஜெலட்டினில் பழகுங்கள்

விலை உயர்ந்த பெப்டைடைத் தொடுவதற்கு முன் ஜெலட்டினில் இரண்டு முறையாவது செய்து பார்த்துவிடுங்கள். ஜெலட்டின் என்பது சுருள் குலைந்த கொலாஜன். ஒரு கிராமில் சுமார் 0.3 மில்லிமோல் அமினோ தொகுதிகள் இருக்கின்றன. 0.5 கிராம் ஜெலட்டினை 10 மி.லி. பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (பிஎச்சை மாறாமல் காக்கும் கரைசல்) அரை மணி நேரம் ஊறவைத்து, 45 டிகிரி நீரில் வைத்துக் கரையுங்கள். அதை 2 மி.லி. வீதம் நான்கு குழாய்களில் ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் 0.03 மில்லிமோல் அமினோ தொகுதி இருப்பதால், இரண்டுக்கு ஒன்று என்ற முழு அளவுக்கு 3.4 மி.கி. ஜெனிபின் தேவை. முதல் குழாயில் எதுவும் சேர்க்காதீர்கள். மற்றவற்றில் முறையே 0.85, 1.7, 3.4 மி.கி. ஜெனிபினைச் சில துளி எத்தனாலில் கரைத்துச் சேருங்கள். முதல் குழாய்க்கும் அதே அளவு எத்தனால் சேர வேண்டும். பிறகு இருபத்துநான்கு மணி நேரம் 20 முதல் 25 டிகிரியில் வைத்திருங்கள். நம் ஊர்க் கோடையில் அறையிலேயே ஜெலட்டின் உருகிவிடும் என்பதால் குளிரூட்டிய அறை வேண்டும்.

மறுநாள் காலையில் குழாய்களை வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். நீலம் மேலிருந்து இறங்கியிருக்கும்: காற்று படும் மேற்பரப்பில் கருநீலம், கீழே போகப் போக வெளிறிய நீலம், அடியில் சிலவேளை இளம் பழுப்பு மட்டுமே. நீலம் தோன்ற ஆக்சிஜன் வேண்டும் என்பதால் இப்படி ஆகிறது. ஆகவே நிறத்தின் ஆழத்தைப் பிணைப்பின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறகு நான்கையும் 45 டிகிரி நீரில் அரை மணி நேரம் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். பிணைக்காதது தண்ணீராக ஓடும். பிணைத்தவை நிற்கும், அல்லது பாதி நிற்கும். ரியோமீட்டர் இல்லாமலேயே குறுக்குப் பிணைப்பு என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

பெப்டைடைக் கரைத்தல்

பெப்டைடு வந்த குப்பியில் 95 விழுக்காடு தூய்மை என்று அச்சிட்டிருந்தால், பொடியின் எடையில் 95 விழுக்காடு பெப்டைடு என்று பொருள் அல்ல. லைசின்களோடு டிரைபுளூரோஅசெட்டிக் அமிலமும், கூடவே ஈரமும் ஒட்டியிருக்கும். மூன்று லைசின்கள் உள்ள கேஎல்டி-12-இல் அந்த அமிலம் மட்டுமே எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நிகர பெப்டைடு அளவு என்ன என்று விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அது 75 விழுக்காடு என்றால், கீழே சொல்லும் சோதனைக்கு 13 மி.கி. நிகர பெப்டைடுக்காக 17.3 மி.கி. பொடியை எடைபோட வேண்டும்.

சோதனையின் அளவு இப்படி வருகிறது. 8 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு வில்லைக்கு 50 மைக்ரோலிட்டர் போதும், அதில் 0.25 மி.கி. பெப்டைடு. ஐந்து செறிவுகள், மூன்று நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வில்லைகள் என நாற்பத்தைந்து வில்லைகள்; சிந்தியதும் ஒட்டியதும் போகச் சுமார் 13 மி.கி. ரியோமீட்டரில் 20 மில்லிமீட்டர் தட்டைப் பயன்படுத்தினால் ஒரே வில்லைக்கு 314 மைக்ரோலிட்டர் தேவைப்படும். 8 மில்லிமீட்டர் தட்டு உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

பொடியைத் தூய நீரில் மி.லி.க்கு 5 மி.கி. நிகர அளவாகக் கரைத்து, மீயொலிக் குளியலில் இருபது முதல் முப்பது நிமிடம் வையுங்கள். கட்டிகள் கரைந்து கரைசல் தெளிந்ததும், சற்று மையவிலக்கில் சுற்றிக் குமிழிகளை நீக்குங்கள். குமிழி நின்ற இடத்தில் ஜெல் பின்னால் விரிசல் விடும்.

முதலில் வலை, பிறகு முடிச்சு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: மூலக்கூறுகள் தாமாக அடுக்கி இழையாகி வலையான பிறகே குறுக்குப் பிணைப்பு தொடங்க வேண்டும். கரைசலாக இருக்கும்போதே பிணைத்துவிட்டால், மூலக்கூறுகள் கோணல்மாணலாக ஒட்டிக்கொண்டு பீட்டா தகடாக அடுக்க முடியாமல் போகும். ஜெல்லுக்குப் பதிலாகக் குழாயின் அடியில் வீழ்படிவு கிடைக்கும்.

24 குழிகள் உள்ள வளர்ப்புத் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் 8 மில்லிமீட்டர் துளையும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சிலிக்கோன் வளையத்தை அடியோடு அழுத்தி வையுங்கள். துளைக்குள் 50 மைக்ரோலிட்டர் பெப்டைடு கரைசலை இடுங்கள். பிப்பெட்டின் முனையைச் சற்று வெட்டி அகலமாக்கிக்கொண்டால் கரைசல் சிதையாமல் இறங்கும். பிறகு 20 மில்லிமோலார் ஹெப்பஸும் 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடும் உள்ள, பிஎச் 7.4 ஆகச் சரிசெய்த தாங்கல் கரைசலைக் குழியின் சுவர் வழியாக மிக மெதுவாக வழியவிடுங்கள். வில்லையின் மேல் நேராக ஊற்றினால் பள்ளம் விழும். ஒரு மணி நேரத்தில் வில்லை உறைந்திருக்கும். டிரிஸ் தாங்கல் கரைசலையோ கிளைசினையோ வினை முடியும்வரை பயன்படுத்தாதீர்கள். அவற்றிலும் முதன்மை அமினோ தொகுதி இருப்பதால், உங்கள் ஜெனிபினை அவை பங்குபோட்டுக்கொள்ளும்.

இப்போது பழைய கரைசலை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஜெனிபின் கலந்த 450 மைக்ரோலிட்டர் தாங்கல் கரைசலைச் சேருங்கள். வில்லையையும் சேர்த்து மொத்தம் 500 மைக்ரோலிட்டரில் ஜெனிபினின் செறிவு 0, 0.25, 0.5, 1, 2.5 மில்லிமோலாராக இருக்கட்டும். ஒரு வில்லையில் சுமார் 0.51 மைக்ரோமோல் லைசின் இருப்பதால், இந்தச் செறிவுகள் ஒரு லைசினுக்கு முறையே 0, கால், அரை, ஒன்று, இரண்டரை ஜெனிபின் என்ற விகிதத்தைத் தருகின்றன. இது மேல்வரம்பு மட்டுமே. உண்மையில் எவ்வளவு பிணைந்தது என்பதைத் தனியாக அளக்க வேண்டும். ஜெனிபின் கரைசலை அன்றன்றைக்கே தயாரியுங்கள். ஈரத்துணி வைத்த மூடிய பெட்டிக்குள் தட்டை 37 டிகிரியில் வைத்து, 6, 24, 48 மணி நேரங்களில் வில்லைகளை எடுத்து, தாங்கல் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள்.

வினை மந்தமாக இருந்தால் பிஎச்சைச் சற்று உயர்த்திப் பார்க்கலாம். கரைசலில் தனித்திருக்கும் லைசினின் அமினோ தொகுதி பிஎச் 7.4-இல் ஆயிரத்தில் ஒன்றுகூட வினைபுரியும் வடிவில் இருக்காது, 8.5-இல் அது நூற்றில் ஒன்று ஆகிவிடும். மிகுந்த காரத்தன்மைக்கு மட்டும் போகாதீர்கள். அங்கே ஜெனிபின் தன்னோடு தானே இணைந்து நீண்ட சங்கிலியாகத் தொடங்கும்.

ஈடிசி வழியில் போகிறவர்கள் இதையே எம்இஎஸ் தாங்கல் கரைசலில் பிஎச் 5 முதல் 6 வரை செய்ய வேண்டும். அசெட்டேட்டும் பாஸ்பேட்டும் டிரிஸும் கூடாது. என் அனுபவம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு முறை ஈடிசியைக் கூட்டிக்கொண்டே போயும் ஜெல்லின் குணகம் அசையவே இல்லை; இரண்டு வாரம் பெப்டைடின் வரிசையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காரணம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை நான் குளிர் தணியும் முன்பே ஒவ்வொரு முறையும் திறந்துகொண்டிருந்ததுதான். உள்ளே படிந்த ஈரத்தில் ஈடிசி கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, ஓரங்களில் கட்டியாகி ஒட்டியிருந்தது. மைனஸ் 20 டிகிரியில் இருந்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வரவிட்டுத்தான் திறக்க வேண்டும். சிறு சிறு குப்பிகளில் பிரித்து வைத்துக்கொள்வது அதைவிடச் சிறந்தது.

அளத்தல்

வில்லையைத் தட்டையான கரண்டியால் ரியோமீட்டரின் அடித்தட்டுக்கு மாற்றி, மேல்தட்டை மெதுவாக இறக்குங்கள். செங்குத்து விசை 0.01 முதல் 0.05 நியூட்டனுக்குள் தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அழுத்தினால் நீர் பிழிந்து வெளியேறி, நீங்கள் அளப்பது வேறு ஜெல்லாகிவிடும். தட்டு வழுக்கினால் குணகம் குறைவாகத் தெரியும் என்பதால், இரு தட்டுகளிலும் நுண்ணிய உப்புத்தாளை ஒட்டிக்கொள்வது வழக்கம். ஓரத்தைச் சுற்றி ஈரமூட்டிய மூடியை வையுங்கள்.

முதல் வில்லையில் திரிபை (வடிவ மாற்றத்தின் அளவை) 0.01 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடு வரை, 1 ஹெர்ட்ஸில் உயர்த்திப் பாருங்கள். சேமிப்புக் குணகம் (சறுக்குக் குணகத்தின் மீட்சிப் பகுதி) எந்தத் திரிபு வரை மாறாமல் இருக்கிறதோ அதுவே நேர்போக்குப் பகுதி. எல்லாரும் எடுக்கும் 1 விழுக்காட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். சில பெப்டைடு ஜெல்கள் 0.5 விழுக்காட்டிலேயே உடையத் தொடங்குகின்றன. மற்ற வில்லைகளை அந்தப் பகுதிக்குள் ஒரு திரிபில் வைத்து, 0.1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரை அளங்கள். பிணைக்காத ஜெல்லில் சேமிப்புக் குணகம் அதிர்வெண்ணோடு சற்றே ஏறும். நன்கு பிணைந்த ஜெல்லில் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும், இழப்புக் குணகத்துக்கும் (பாகுபோல ஆற்றலை இழக்கும் பகுதி) சேமிப்புக் குணகத்துக்கும் உள்ள விகிதம் குறையும். அந்தக் கோட்டின் சாய்வு குணகத்தின் தனி மதிப்பைவிட அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து.

மிஞ்சியிருக்கும் அமினோ தொகுதிகளை எண்ண, அவற்றோடு வினைபுரிந்து நிறம் தரும் டிஎன்பிஎஸ் என்ற வேதிப்பொருளின் முறை பொருந்தும்; 340 நானோமீட்டருக்கு அருகில் அளவீடு எடுக்கலாம். நின்ஹைட்ரின் முறையில் தோன்றும் ஊதா நிறம் 570 நானோமீட்டரில் படிக்கப்படுவது; ஜெனிபினின் நீலம் அதே பகுதியில் ஒளியை உறிஞ்சுவதால் அது பயன்படாது. டிஎன்பிஎஸ் உலர்ந்தால் வெடிக்கக்கூடியது என்பதால் கரைசலாகவே வாங்கிக் குளிரில் வையுங்கள். ஜெனிபின் மட்டும் சேர்த்த, டிஎன்பிஎஸ் சேர்க்காத மாதிரி ஒன்றையும் அளந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

வரும் எண்களைப் படிப்பது

பொதுவாக, ஜெனிபின் கூடக் கூடச் சேமிப்புக் குணகம் ஏறும். ஒரு கட்டத்தில் நிற்கும். அதைத் தாண்டினால் இறங்கவும் கூடும். லைசின்களைவிட ஜெனிபின் அதிகமாகும்போது, ஒவ்வொரு லைசினிலும் ஒரு ஜெனிபின் ஒற்றைக் கையால் தொங்கும்; மறுகைக்குப் பிடிக்க லைசின் மிஞ்சியிருக்காது. டிஎன்பிஎஸ் அளவீட்டில் அமினோ தொகுதிகள் தீர்ந்துவிட்டன என்றும், ரியோமீட்டரில் குணகம் ஏறவில்லை என்றும் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். குணகம் ஏறும்போதே நேர்போக்குப் பகுதி சுருங்குவதையும் கவனியுங்கள். ஜெல் விறைப்பாகிறது, கூடவே நொறுங்கும் தன்மையும் பெறுகிறது. ஊசி வழியே செலுத்த வேண்டிய ஜெல்லுக்கு இது பெரும் இழப்பு. இயற்பியல் பிணைப்புகள் மட்டும் உள்ள ஜெல் ஊசியில் உடைந்து வெளியே வந்து மீண்டும் சேரும், சகப்பிணைப்புகள் உடைந்தால் சேராது.

எண்கள் சிதறினால் முதலில் வில்லைகளின் தடிமனையும், பிறகு பிஎச்சையும் சரிபாருங்கள். உப்பியிருக்கும் வில்லையை எடைபோட்டு, உலர்த்தி மீண்டும் எடைபோட்டால் கிடைக்கும் விகிதம் செலவில்லாத இரண்டாவது சாட்சி. பிணைப்பு கூடினால் அந்த விகிதம் குறைய வேண்டும். குணகம் ஏறியும் அது குறையாவிட்டால் ரியோமீட்டர் அளவீட்டைச் சந்தேகியுங்கள்.

செல்களுக்குப் போகும் முன்

வினை முடிந்த வில்லைகளை 0.1 மோலார் கிளைசினில் சில மணி நேரம் வைத்தால், ஒற்றைக் கையோடு தொங்கும் ஜெனிபின்கள் அடைபடும். பிறகு பலமுறை கழுவ வேண்டும். ஜெனிபினால் பிணைத்த ஜெல் சிவப்பாக ஒளிரும் என்பதால், நுண்ணோக்கியில் சிவப்புச் சாயங்களை நம்ப முடியாது. செல்களின் உயிர்ப்பை 570 நானோமீட்டரில் படிக்கும் எம்டிடி சோதனையும் குழம்பும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது; பல ஆய்வுக் கட்டுரைகள் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. லைசின் பிணைந்துவிட்டால் அதன் நேர்மின்னூட்டம் போய்விடுகிறது. அஸ்பார்ட்டிக் அமிலத்தின் எதிர்மின்னூட்டம் மட்டும் மிஞ்சுகிறது. விறைப்பை மட்டும் மாற்றினோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, செல் தொடும் பரப்பின் மின்னூட்டமும், அதில் ஒட்டும் புரதங்களும் சேர்ந்தே மாறியிருக்கும். இதைப் பிரித்தறிய ஒரு கட்டுப்பாட்டு ஜெல் வேண்டும்: அதே அளவு லைசின்களை, இரு கை இல்லாத, பாலம் போட முடியாத சல்போ-என்எச்எஸ்-அசெட்டேட்டால் அடைத்துவிடுங்கள். டிஎன்பிஎஸ் கணக்கில் இரண்டு ஜெல்லிலும் மிஞ்சிய அமினோ தொகுதிகள் சமமாக இருக்க வேண்டும். ரியோமீட்டரில் பிணைத்த ஜெல் மட்டும் தெளிவாக விறைத்திருக்க வேண்டும். அடைத்த ஜெல்லிலும் செல்கள் அதே மாதிரி நடந்துகொண்டால், நீங்கள் கண்டது விறைப்பின் விளைவு அல்ல.